வெட்டிய காமமும் ஒட்டிய காமமும்

ஜப்பானில் 2004 ஜனவரியில் ‘ஃபேட்/ஸ்டே நைட்’ என்ற விஷுவல் நாவல் கணினிக்கு வந்தது. விஷுவல் நாவல் என்பது பாதி வாசிப்பு, பாதி விளையாட்டு. நிலைப்படத்தின் மேல் கதை எழுத்தாக ஓடும். இசை கூட வரும். இடையிடையே வாசகர் முன் ஒரு தெரிவு வைக்கப்படும். அவர் எதைத் தெரிகிறாரோ அந்தக் கிளையில் கதை போகும். ‘டைப்-மூன்’ குழுவினர் செய்த இந்த ஆக்கம் வயதுவந்தவர்களுக்கு என்றே விற்கப்பட்டது. கதையில் ஒரு மந்திரப் போர் நடக்கிறது. வீராங்கனையின் சக்தி வற்றிச் சாகக் கிடக்கும் கட்டத்தில், ஒருவரின் சக்தியை மற்றவருக்குக் கடத்தும் சடங்காக உடலுறவு வருகிறது. 2006 இல் ஸ்டூடியோ டீன் இதைத் தொலைக்காட்சி அனிமேயாக எடுத்தபோது அந்தச் சடங்கு காணாமற்போய், அதன் இடத்தில் கணினி வரைகலையில் செய்த டிராகன் ஒன்று புகுந்தது. மற்றச் சித்திரங்களோடு ஒட்டாத அந்த டிராகன் இன்றுவரை ரசிகர்களுக்குப் பகிடிப் பொருள். பகிடிக்குள் ஒரு உண்மையும் இருக்கிறது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டு அப்படியே நடக்கக் கதையால் முடியவில்லை. எதையாவது வைத்தே அடைக்கவேண்டி இருந்தது.

காமம் நிறைந்த மூலம் ஒன்று திரைக்கு வரும்போது என்ன நடக்கிறது என்பது பழைய கேள்வி. வழக்கமான பதில் இரண்டு. தணிக்கைக்கு அஞ்சிக் கலையைக் கெடுத்துவிட்டார்கள் என்பர் ஒரு சாரார். ஆபாசத்தை நீக்கிக் கதையைக் காப்பாற்றினார்கள் என்பர் மறுசாரார். இரு தரப்பும் எவ்வளவு வெட்டினார்கள் என்பதையே அளக்கிறார்கள். மூலத்தில் அந்தக் காமம் என்ன வேலை செய்தது என்று முதலில் கேட்கவேண்டும். அதை உருவிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பவை காரணமின்றி நிற்குமானால், அது காரணமான காமம். உருவினாலும் கதை அசையாது என்றால், அது அலங்காரமான காமம். ஜப்பானிய அனிமேயையும் தமிழ்ப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையான ஒன்று தெரியும். திரைக்கு வரும் வழியில் பெரும்பாலும் வெளியேற்றப்படுவது காரணமான காமம். அலங்காரமான காமம் பின்வாசலால் திரும்ப உள்ளே வருகிறது, சில வேளை மூலத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகவே.

ஜப்பானியத் தரப்புக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம். 1991 இல் பாடசாலை மாணவன் ஒருவன் வயதுவந்தோருக்கான கணினி விளையாட்டைக் கடையில் திருடியது பெரிய விவகாரமாகி, மறுவருடமே அத்துறையினர் தமக்கென ஒழுங்குமுறை அமைப்பொன்றை உருவாக்கினார்கள். அதன்பின் அந்தச் சந்தை ஒரு கட்டுக்குள் வந்தது. பெட்டியில் வயது முத்திரை இருக்கும்; உள்ளே பல மணிநேரக் காதல் கதையும் சில நிமிடப் படுக்கைக் காட்சியும் இருக்கும். அந்தச் சில நிமிடங்கள் விற்பனைக்காகச் செருகப்பட்டவை என்பது பல ஆக்கங்களில் வெளிப்படை. ‘கீ’ நிறுவனத்தின் ‘கனோன்’ 1999 இல் வயதுவந்தோருக்காக வெளியானது. மறுவருடமே எல்லா வயதினருக்குமான பதிப்பும் வந்துவிட்டது. 2002 இலும் 2006 இலும் இரண்டு தடவை அனிமேயானது. எந்த வடிவத்திலும் பனி பெய்யும் அந்த ஊரின் துயரம் ஒரு துளியும் குறையவில்லை. அதே நிறுவனம் 2004 இல் ‘கிளானட்’ ஆக்கத்தை ஆரம்பத்திலேயே அத்தகைய காட்சி இல்லாமல் வெளியிட்டது. காமத்தை நீக்கியதால் கதை கெட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர் ‘கனோன்’ முன்னால் வாயடைத்து நிற்கவேண்டியதுதான். அங்கே நீக்கப்பட்டது அலங்காரம்; அது போனதில் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் இந்த வெற்றியை விதியாக்கும்போதுதான் டிராகன் பிறக்கிறது. எல்லா ஆக்கத்திலும் காமம் அலங்காரமே என்று எடுத்துக்கொண்டால், அது காரணமாக இருக்கும் இடத்திலும் கத்தரி அதே இலகுவோடு பாயும். ‘ஃபேட்’ கதையின் மூன்றாம் கிளையில் சகுரா என்ற பாத்திரம் குடும்பத்துக்குள்ளேயே அனுபவித்த கொடுமைதான் அந்தக் கிளை முழுவதையும் இயக்குகிறது. அவள் ஏன் உடைகிறாள், ஏன் மற்றவர்களை அழிக்கிறாள் என்பதற்கு வேறு விளக்கமே கிடையாது. தொலைக்காட்சி அந்தக் கிளையைத் தொடராக எடுக்கவில்லை. யூஃபோடேபிள் நிறுவனம் 2017, 2019, 2020 ஆகிய வருடங்களில் மூன்று படங்களாகத் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. அங்கே கொடுமை மறைக்கப்படவில்லை. விலாவாரியாகக் காட்டப்படவும் இல்லை. பார்க்கிறவருக்குப் புரியும்படி சொல்லப்பட்டது. ஒரே மூலம், ஒரே நாடு. தொலைக்காட்சியில் டிராகன் தேவைப்பட்டது, தியேட்டரில் தேவைப்படவில்லை. ஜப்பானியர் நாணம் மிக்கவர்கள் என்றோ நாணம் கெட்டவர்கள் என்றோ சொல்லும் பண்பாட்டு விளக்கம் இங்கே எடுபடாது. எந்த நேரத்தில், எந்த வழியாக, யாருக்கு விற்கிறோம் என்ற கணக்குத்தான் தீர்மானிக்கிறது. அதே கணக்கு இன்னொரு பக்கமும் வேலை செய்கிறது. மூலத்தின் படுக்கைக் காட்சியை நீக்கும் அனிமே, மூலத்தில் தேவைப்படாத வெந்நீர்க் குளியல் காட்சியையும் கடற்கரை அத்தியாயத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. ரசிகருக்கான உபசாரம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். காட்டப்படும் உடலின் அளவு குறையவே இல்லை. அதனால் யாருடைய வாழ்க்கையும் மாறாது என்ற உத்தரவாதம் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966 இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி அறிமுகமில்லாதவனின் பெரிய காரில் ஏறுகிறாள். காருக்குள் நடக்கக்கூடாதது நடக்கிறது. வீட்டுக்கு வந்தவளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவு கிளப்பிய சர்ச்சைக்குப் பதிலாக, தாய் அப்படிச் செய்யாமல் ஊரறிய அழுதிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று கேட்டு ஜெயகாந்தன் ஒரு நாவலே எழுதினார். அதுதான் 1972 இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1977 இல் படமானபோது திரைக்கதையையும் அவரே எழுதினார். இயக்கியவர் ‘பாசமலர்’ எடுத்த ஏ. பீம்சிங். குடும்பப் படங்களுக்குப் பெயர்போன ஒருவர் கையில் இந்தக் கதை போனதைக் கவனிக்கவேண்டும். காருக்குள் நடந்தது படத்தில் கொஞ்ச நேரம்தான். மிகுதி முழுவதும் அதன் விளைவு: அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துவது, படிக்கவைத்த மாமாவே உபகாரத்துக்குக் கூலி கேட்டு அவள்மேல் கைவைக்கப் பார்ப்பது, கெடுத்தவனைத் தேடிப்பிடி பார்ப்போம் என்று அவர் சவால் விட, அவள் உண்மையிலேயே தேடிப்பிடிப்பது. கங்காவாக நடித்த லக்ஷ்மிக்குத் தேசிய விருது கிடைத்தது. டிராகனுக்கு இங்கே வேலையில்லை. அந்த மழைநாளை மறைத்திருந்தால், அல்லது அதை ஒரு முத்தமாகக் குறைத்திருந்தால், பின்னால் வரும் பன்னிரண்டு வருட வாழ்க்கைக்கு அர்த்தமே இருந்திருக்காது என்று எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. குறைவாகக் காட்டினார்கள், நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கவில்லை. குறைத்துக் காட்டுவதும் இல்லாமல் ஆக்குவதும் ஒன்றென்று நினைப்பதால்தான் இந்த விவாதம் எப்போதும் குழம்புகிறது.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ இதைவிடச் சிக்கலானது. கும்பகோணத்தில் படிக்கும் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாமேல் கொள்ளும் மோகம்தான் நாவல். அந்த முள் தைத்திருக்கும்வரை அவனுக்குச் சங்கீதமும் முழுதாகக் கைகூடாது. நாவலின் கடைசியில் அவள் இணங்குகிறாள். அதன்பின் இவ்வளவு காலம் நீ ஏங்கியது இவ்வளவுக்குத்தானா என்ற பொருளில் அவள் கேட்கும் கேள்வி, தமிழ் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து திரிவது. ஞான ராஜசேகரன் இதை 1995 இல் படமாக்கினார். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் பெற்றார். அர்ச்சனா ஜோக்லேக்கர் யமுனா, நெடுமுடி வேணு ரங்கண்ணா, இசை இளையராஜா. படம் தன் மையத்தை விட்டு ஓடவில்லை. அப்படியும் நாவலைப் படித்தவர்களுக்குப் படத்தில் ஏதோ எட்டவில்லை என்ற குறை எஞ்சியது. நேர்மையான தழுவலிலும் ஏன் இந்தக் குறை என்று யோசித்தால், காமத்துக்குக் கால அளவு என்றொன்று இருப்பது தெரியும். சுதேசமித்திரனில் வாரா வாரம் வந்த தொடர்கதை அது. பாபு காத்திருந்ததுபோல வாசகரும் காத்திருந்தார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளிப்போட்டதால்தான் அந்த இரவுக்கு அவ்வளவு கனமும், அந்தக் கேள்விக்கு அவ்வளவு கசப்பும். இரண்டரை மணித்தியாலப் படம் எந்தக் காட்சியையும் வெட்டாமலே அந்தக் காத்திருப்பை வெட்டிவிடுகிறது. விஷுவல் நாவலுக்கும் இதே கதிதான். பல பத்து மணிநேரம் வாசித்து வந்தடையும் ஓர் இரவை இருபத்துச்சொச்சம் நிமிட அத்தியாயம் ஒன்றுக்குள் வைத்தால், அது அவசரமாகவும் அசட்டையாகவும் தெரியும். அனிமேயில் வைத்திருந்தாலும் ஆபாசமாகத்தான் இருந்திருக்கும் என்று சிலர் சொல்வதில் ஓரளவு நியாயம் இருப்பது இதனால்தான். அந்தக் குற்றத்தைக் காட்சியின்மேல் சுமத்துவதைவிட அதற்கு முன்னால் விழுந்த கத்தரியின்மேல் சுமத்துவது பொருத்தம்.

இந்த இரண்டு படங்களையும் வைத்துத் தமிழ்த் திரை துணிச்சலானது என்று முடிவுகட்ட முடியாது, இவை விதிவிலக்குகள். விதி எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். இந்தியச் சட்டம் பலர் நினைப்பதைவிட இளகியது. ஜி.டி. கோஸ்லா தலைமையிலான குழு 1969 இலேயே, கதைக்குத் தேவையென்றால் முத்தத்தையும் நிர்வாணத்தையும்கூட அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1970 இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டாலும், பாலியலைத் தொட்டாலே ஆபாசம் என்று கொள்ளக்கூடாது என்றும் சொன்னது. ஆனால் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்கவேண்டும். தமிழ்நாட்டிலோ 2006 முதல் 2017 வரை தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 2011 இல் ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை அதனோடு சேர்ந்தது. தயாரிப்பாளருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை: காமத்தின் விளைவைப் பேசும் படத்துக்கு வரி, மழையில் நனைந்த பாடலோடு வரும் படத்துக்கு விலக்கு. பாடல் ‘யு’ சான்றிதழுக்குள் சௌகரியமாக அடங்கும். ஏனென்றால் பாடல் முடிந்ததும் யாரும் கர்ப்பமாவதில்லை, யாரும் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவதில்லை. அடுத்த காட்சியில் அதைப்பற்றி ஒருவரும் பேசுவதே இல்லை. ஜப்பானியரின் வெந்நீர்க் குளியல் செய்யும் அதே உத்தியோகத்தைத்தான் நம் பாடல் காட்சி செய்கிறது.

இது சினிமாவோடு தொடங்கிய பழக்கமும் இல்லை. தேவதாசிகளின் சதிர் ஆட்டம் பரதநாட்டியமாகி மேடையேறிய 1930களில் இதே பேரம் நடந்தது. ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்ரா வழி, பழைய பதங்களின் சிருங்காரத்தை மட்டுப்படுத்திப் பக்தியை முன்னிறுத்தியது. தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. சிருங்காரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சும் பக்திக்கு உயிர் எங்கிருந்து வரும் என்பதே, 1975 இல் தமிழ் இசைச் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை உட்பட, அவருடைய வாதத்தின் சாரம். நாயகி தலைவனுக்காக உருகுவதுதான் வர்ணத்தின் எலும்பு. உருக்கத்தைக் கழற்றினால் அடவும் அலங்காரமும்தான் மீதி. அவருடைய வாதம் மேடையில் முழுதாக வெல்லவில்லை. அதே காலத்தில் சினிமா நடனம் எந்தத் திசையில் போனது என்பதை எல்லோரும் அறிவர். ஓரிடத்தில் கண்ணியமாக அகற்றியது இன்னோரிடத்தில் மலிவாக விற்கப்பட்டது.

திருகோணமலையின் பாலையூற்றிலோ உப்புவெளியிலோ இருந்து படம் பார்க்கும் ஒருவருக்கு இந்த வடிகட்டல் இரட்டிப்பு. சென்னையில் சான்றிதழ் பெற்ற படம் கொழும்பில் மறுபடியும் அனுமதி பெற்றே திருகோணமலைத் தியேட்டருக்கு வரும். 1912 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் நிழலில் இயங்கும் சபை அந்த அனுமதியைக் கொடுக்கிறது. இப்போது கைபேசியில் தமிழ்க் குரலோடு அனிமே பார்க்கும் இளையவர்களுக்கோ தணிக்கைச் சபை தடையில்லை. ஆனால் அவர்கள் கையில் கிடைப்பது ஏற்கெனவே ஜப்பானியத் தொலைக்காட்சிக்காக வெட்டப்பட்டது. மூலமான விஷுவல் நாவல் தமிழில் இல்லை. ஆகவே அவர்களுக்குத் தழுவலே மூலம். கதையில் ஓட்டை தெரிந்தால் அது எழுதியவரின் ஓட்டை என்றே நினைப்பார்கள். ஈழத்து இலக்கியத்தில் மூலத்துக்குப் பஞ்சமில்லை. எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’ 1961 இலேயே ஓர் ஆணின் பாலியல் வாழ்வை ஒளிவுமறைவின்றி எழுதியது, வசையும் வாங்கியது. 1966 இன் ‘சடங்கு’ நடுத்தரக் குடும்பத்துக் கணவன் மனைவியின் தாபத்தையே கதையாக்கியது. இவை திரைப் பக்கம் போகவில்லை. ஈழத்தில் தமிழ் சினிமா வளர முதலே பட்டுப்போனதால் கேள்வியே எழவில்லை என்பதும் உண்மை. எழுந்த இடங்களில் ஒன்று செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. பருவத்துக்கு வாடி அடிக்க வரும் வெளியூர்க் கடற்றொழிலாளர்களுக்கும் தீவுப் பெண்களுக்கும் இடையிலான ஈர்ப்பு அதன் உயிர். 1978 இல் படமானது. வாடிக்காரர் வருவதையும் போவதையும் கண்டு வளர்ந்த கிழக்குக் கரையாருக்கு அந்தக் கதையின் நிலைமையை விளக்கவே தேவையில்லை.

சிங்களத்தில் உள்ள ஒரு எடுத்துக்காட்டு இந்த வாதத்துக்கு எல்லாவற்றையும்விட உதவும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘விராகய’ (1956) ஆசையைச் சொல்லவும் நிறைவேற்றவும் முடியாத அரவிந்த என்பவனின் கதை. தலைப்பே பற்றின்மை, உள்ளே இருப்பதோ அடக்கிய பற்று. திஸ்ஸ அபேசேகர 1987 இல் படமாக்கினார். காட்டுவதற்கு அதில் ஒன்றுமே நடப்பதில்லை. ஆனால் நடக்காமற்போனதன் பாரம் ஒவ்வொரு காட்சியிலும் அழுத்துகிறது. காரணமான காமம் என்று நான் சொல்வது உடல் தெரியும் அளவைப் பற்றியது அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த வாதத்துக்கு எதிராக வரக்கூடியவற்றில் இரண்டு பொருட்படுத்தத்தக்கவை. எழுத்தில் உள்ளதை அப்படியே காட்சியாக்க முடியாது, எழுத்து வாசகரின் மனத்தில் திரை போட்டே காட்டும், கமரா அந்தத் திரையைக் கிழிக்கும் என்பது ஒன்று. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது எப்படிக் காட்டுவது என்ற கேள்விக்கு விடையே தவிர, காரணத்தையே மாற்றுவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பீம்சிங்கின் கார் அதற்குச் சாட்சி. மற்றது இன்னும் கனமானது. அனிமேயில் வருவது வரைந்த உருவம். படத்தில் வருவது உயிருள்ள நடிகை. கதைக்குத் தேவை என்று சொல்லிச் சொல்லியே பெண்களைச் சங்கடத்துக்குள் தள்ளிய தொழில் இது. யமுனாவாக நடிப்பவர் மறுநாளும் தெருவில் நடக்கவேண்டும். டிராகனுக்கு அந்தக் கவலை இல்லை. இந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் எந்தச் சுதந்திர வாதமும் ஆண்களின் வாதமாகவே முடியும். ஆனால் இதை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் அது போய் நிற்கும் இடம் வேறு. நடிகையின் உடலை அதிகம் சுரண்டியது ‘மோகமுள்’ வகைப் படமா, ‘யு’ சான்றிதழ் வாங்கிய பாடல் காட்சியா? விளைவைப் பேசும் கதையில் அவர் ஒரு பாத்திரம். அவருக்குக் கேள்வி கேட்க வாய் இருக்கிறது. பாடலில் அவருக்கு உதட்டசைவு மட்டும். காப்பாற்றும் சட்டமும் விலக்களித்த வரியும் அந்தப் பெண்ணை எந்தப் பக்கம் தள்ளின என்பதை ஆட்சேபிப்பவர்களும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இன்று இணையவழித் தளங்களில் வரும் தொடருக்கு இந்தியத் தணிக்கைச் சபையின் சான்றிதழ் வேண்டாம். 2021 விதிகளின்படி தளமே வயது வகையிட்டு வெளியிடலாம். தொடர் என்பதால் காத்திருப்புக்கும் இடமுண்டு. ஆகவே இனி யாராவது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எடுக்க நினைத்தால் என்ன ஆகும் என்பது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2010 இல் வந்த அந்த நாவலுக்கு 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பி, எழுத்தாளர் தான் செத்துவிட்டதாக அறிவிக்கும்வரை போனது; 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும், பிள்ளை வேண்டும் பெண் முகமறியாத ஆணோடு கூடலாம் என்று நாவல் சொல்லும் திருச்செங்கோட்டுத் திருவிழாவின் பதினாலாம் நாள் இரவும்தான் கதை. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதைப் பெருமாள்முருகன் இரண்டு வெவ்வேறு நாவல்களாக எழுதினார்: ‘ஆலவாய’னில் காளி உயிரோடு இல்லை, ‘அர்த்தநாரி’யில் இருக்கிறான். ஜப்பானியர் மென்பொருளில் செய்யும் கிளைப் பிரிவைத் தமிழில் அச்சுப் புத்தகத்திலேயே செய்துவிட்டார். படமாக்குகிறவர் இரண்டில் ஒன்றைத் தெரியலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம். 2010 இல் ‘அமகாமி எஸ்எஸ்’ அனிமே அப்படித்தான் ஒவ்வொரு கிளைக்கும் சில அத்தியாயம் ஒதுக்கி, திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குப் போனது. எதைத் தெரிந்தாலும் அந்தத் திருவிழா இரவிலிருந்துதான் இரண்டு கிளையும் முளைக்கின்றன. அதை மாற்றிவிட்டு, இடையில் தேர்த்திருவிழாப் பாட்டொன்றைச் செருகி எடுக்கலாம். செலவுக்கு ஆள் கிடைப்பது அதற்குத்தான் இலகு. அப்படி எடுத்தால் காளி ஏன் சாகவேண்டும் என்பதற்கும் ஏன் பேசாமல் இருக்கவேண்டும் என்பதற்கும் திரைக்கதை எழுதுகிறவர் வேறு காரணம் தேடவேண்டிவரும்.